எட்டுப் புள்ளி, எட்டு வரிசை

எழுதப்பட்ட எதற்கும் ஓரம் என்று ஒன்று உண்டு. நடுப்பகுதி எழுதியவருக்குச் சொந்தம், ஓரம் படிப்பவருக்கு. பள்ளிக்கூட வாத்தியார் சிவப்பு மையில் சுழிப்பது அங்கேதான். கணக்கப்பிள்ளை சரிபார்த்த வரிக்கு எதிரே டிக் போடுவதும் அங்கேதான். ஈய எழுத்துக் கோத்த காலத்து அச்சகங்களில் புரூஃப் பார்த்தவர்கள் தங்கள் திருத்தங்களை எல்லாம் ஓரத்தில்தான் குறித்தார்கள். பனையோலைச் சுவடியில் ஏட்டின் எண் வேண்டுமானால் இடது ஓரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

கம்ப்யூட்டர் வந்த பிறகும் ஓரம் போய்விடவில்லை. ஒல்லியாகிவிட்டது, அவ்வளவுதான். புரோகிராம் எழுதுபவர்கள் நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும் டெக்ஸ்ட் எடிட்டரில், எழுத்துகளுக்கும் ஜன்னலின் விளிம்புக்கும் நடுவே ஒரு சின்னப் பட்டை இருக்கிறது. ஈமேக்ஸ் என்ற எடிட்டரில் அதன் அகலம் வழக்கமாக 8 பிக்சல். பிக்சல் என்பது திரையில் ஒளிரும் ஒற்றைப் புள்ளி. ஆக, ஓர் எறும்பு நடந்து போகத்தான் இடம். அந்த இடத்துக்குள் ஒரு தனி பாஷையே குடியிருக்கிறது.

சிவப்பு வட்டம் என்றால், புரோகிராமை ஓட்டும்போது இந்த வரியில் நிறுத்து என்று அர்த்தம். அம்புக்குறி என்றால், ஓட்டம் இப்போது நின்றிருப்பது இங்கேதான். வளைந்த அம்பு என்றால் வரி முடியவில்லை, இடம் போதாமல் மடிந்திருக்கிறது. நேர் அம்பு என்றால் வரியின் மிச்சம் திரைக்கு வெளியே ஒளிந்திருக்கிறது. இவை போதாதென்று, நேற்று இருந்ததற்கும் இன்று இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தையும் ஓரமே சொல்கிறது. பச்சைக் கோடு புதிதாகச் சேர்த்த வரிகளுக்கு. நீலமோ மஞ்சளோ, மாற்றிய வரிகளுக்கு. சிவப்பு, நீக்கிய இடத்துக்கு.

இந்த பாஷையை யாரும் வகுப்பில் உட்கார்ந்து கற்பதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே கண்ணில் ஒட்டிக்கொண்டுவிடும். அதன் சிறப்பே அதைப் படிக்க வேண்டியதில்லை என்பதுதான். கண் நடுவில் இருக்கும்போதே ஓரக்கண் அதைப் பார்த்துவிடுகிறது. பச்சை என்றால் வந்தது, சிவப்பு என்றால் போனது. எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

எல்லோருக்கும் என்ற சொல்லில்தான் சிக்கல்.

புனேயில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் தமிழர் ஒருவர் இருக்கிறார். நாற்பதைத் தாண்டியவர். அவர் கண்ணுக்கு அந்தப் பச்சையும் அந்தச் சிவப்பும் ஒரே நிறம். என்ன நிறம் என்று கேட்டால், சாணி மெழுகித் தரை காய்ந்த பிறகு இருக்குமே, அந்த மாதிரி என்பார். கொழுந்துவிட்டு எரியும் சிவப்பையும் இளந்தளிர்ப் பச்சையையும் வெளிச்சத்தின் அளவை வைத்து எப்படியோ பிரித்துவிடுவார். ஆனால் எடிட்டர்களை அழகுபடுத்துபவர்கள் கண்ணை உறுத்தாத மங்கலான பச்சையையும் மங்கலான சிவப்பையும்தான் விரும்புகிறார்கள். அதையும் நூல் கனத்துக் கோடாகப் போட்டால், நல்ல கண்ணுக்கே நிறம் பிரித்தறிவது சிரமம். இவருக்கு இரண்டும் ஒன்றாகிவிடும்.

சேர்த்த வரிகளைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. வரி திரையில் இருக்கிறது, படித்துக்கொள்ளலாம். நீக்கியதுதான் வில்லங்கம். நீக்கிய வரி திரையில் இல்லை. அது இருந்தது என்பதற்கு ஓரத்துக் குறி மட்டுமே சாட்சி. அந்தச் சாட்சி பேசுவது இவருக்குக் கேட்காது.

இது நோய் அல்ல, பிறப்பிலேயே வரும் குணம். சிவப்பையும் பச்சையையும் உணரும் கண்ணணுக்களுக்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்றில் குறை இருந்தாலும் மற்றது சமாளித்துக்கொள்ளும். ஆணுக்கு ஒன்றே ஒன்று, அதுவும் அம்மாவிடமிருந்து வந்தது. அதனால்தான் இந்தக் குறை ஆண்களிடம் அதிகம். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கு இருக்கிறது. பெண்களில் 200 பேருக்கு ஒருவர். தாய் வழியாக வருவதால், ஒருவருக்கு இருந்தால் அவருடைய தாய்மாமனுக்கும் இருக்க வாய்ப்பு உண்டு. நம் ஊரில் தாய்மாமன் சீர் கொண்டுவருவார் என்பார்கள். இந்தச் சீர் மட்டும் அவருக்கும் மருமகனுக்கும் ஒரே பாட்டியிடமிருந்து வருகிறது.

இதை முதலில் தன் கண்ணை வைத்தே ஆராய்ந்தவர் ஜான் டால்டன். அணுக் கொள்கைக்காகப் பாடப் புத்தகங்களில் வரும் அதே டால்டன்தான். 1794ல் மான்செஸ்டரில் தன் நிறப் பார்வையைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். அவருக்கும் அவர் சகோதரருக்கும் ஒரே குறை. கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலம் பாய்ந்திருப்பதுதான் காரணம் என்பது அவர் ஊகம். தான் இறந்த பிறகு கண்ணைத் திறந்து பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார். 1844ல் பார்த்தார்கள். திரவம் தெளிவாகவே இருந்தது. ஊகம் பொய்த்தது, கண் மட்டும் பத்திரமாக வைக்கப்பட்டது. ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1995ல், அந்தக் கண்ணின் டிஎன்ஏவைப் பரிசோதித்தவர்கள் பச்சையை உணரும் நிறமி அவரிடம் இல்லை என்று கண்டார்கள். பிரெஞ்சிலும் ஸ்பானிஷிலும் இன்றும் இந்தக் குறைக்கு டால்டனின் பெயர்தான்.

புனேக்காரருக்கு விஷயம் தெரிய வந்தது 22 வயதில். ஓர் அரசு வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறி மருத்துவப் பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் ஒரு புத்தகத்தைப் புரட்டிக் காட்டினார். வண்ணப் புள்ளிகள் நிறைந்த வட்டங்கள். ஜப்பானிய டாக்டர் ஷினோபு இஷிஹாரா 1917ல் உருவாக்கிய பரிசோதனை அது. புள்ளிகளுக்குள் ஓர் எண் ஒளிந்திருக்கும். முதல் பக்கத்தில் 12 தெரிந்தது. அது எல்லோருக்கும் தெரியும். பரிசோதனை எப்படி என்று காட்டுவதற்கான பக்கம். அதற்குப் பிறகு பெரும்பாலான பக்கங்களில் வெறும் புள்ளிகள்தான். “கண்ணாடி போட்டால் சரியாகிவிடுமா?” என்று கேட்டார். டாக்டர் புத்தகத்தை மூடிவிட்டார்.

ஊரில் கேட்டவர்களிடம் போஸ்டிங் வரவில்லை என்று சொன்னார். அம்மாவிடம் மட்டும் நடந்ததைச் சொன்னார். அம்மா ஆச்சரியப்படவில்லை. “உங்க மாமனுக்கும் அப்படித்தாம்ப்பா. சின்ன வயசுல செங்காய் எது, பழம் எதுன்னு என்கிட்டதான் கேட்பான்” என்றார்.

மாமா திருநெல்வேலிப் பக்கம் எலெக்ட்ரீஷியன். சிவப்பு வயர், கறுப்பு வயர், பச்சை வயர் என்று நிறத்தை நம்பியே நடக்கும் தொழில். அதில் சிவப்பும் பச்சையும் மாறினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. முப்பது வருடம் ஒரு விபத்தும் இல்லாமல் அவர் எப்படித் தொழில் பார்த்தார் என்று மருமகன் கேட்டபோதுதான் ரகசியம் வெளியே வந்தது. வயர்ச் சுருள் வாங்கும்போதே கடைப் பையனைக் கேட்டுக்கொண்டு, சிவப்பின் நுனியில் இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்றும் பச்சையின் நுனியில் இரண்டு சுற்றும் சுற்றிவிடுவார். வெட்டும் ஒவ்வொரு துண்டுக்கும் அப்படியே. இருட்டில் விரலால் தடவினாலும் தெரியும். கடைசியாக டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் எதையும் தொடமாட்டார். “நெறத்த நம்பி இருந்தா எப்பவோ போயிருப்பேன் மாப்ளே” என்றாராம். ஊரில் அவரைச் சுத்தமான வேலைக்காரர் என்று நினைத்தார்கள். டேப் சுற்றுவது தொழில் நேர்த்தி என்று நினைத்தார்கள். யாருக்கும் விஷயம் தெரியாது.

மருமகனும் அதே வழியில்தான் போனார். சாஃப்ட்வேர் கம்பெனியில் யாரும் இஷிஹாரா புத்தகத்தைக் காட்டுவதில்லை. ஒருமுறை வேலை போன பயத்தில் இவரும் வாய் திறக்கவில்லை. சக ஊழியர் திரையைக் காட்டி, “அந்தப் பச்சை வரிகளைப் பாருங்கள்” என்றால், பார்த்த மாதிரி தலையசைக்கக் கற்றுக்கொண்டார். மற்றவர்கள் எழுதியதைச் சரிபார்க்கும் வேலை வந்தால் பழைய பிரதியையும் புதிய பிரதியையும் அருகருகே திறந்து வைத்து வரி வரியாக முழுக்கப் படித்துவிடுவார். மற்றவர்கள் பத்து நிமிடத்தில் முடிப்பது இவருக்கு அரை மணி நேரம். பலன் வேடிக்கையானது. நிதானமானவர், எதையும் விடமாட்டார் என்று பெயர் கிடைத்தது. கூடவே, வருடா வருடம் மேலதிகாரியின் மதிப்பீட்டில் வேகம் போதாது என்ற வாக்கியமும் கிடைத்தது. இரண்டுக்கும் காரணம் ஒன்று என்பது அந்த அறையில் ஒருவருக்குத்தான் தெரியும்.

இப்படிப் பதினாறு வருடம் ஓடியது. ஒரு மழைக்கால மாலையில் வேறு எதற்கோ ஈமேக்ஸின் கையேட்டைப் புரட்டியபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. ஓரத்தில் வரும் குறிகள் கல்லில் பொறித்தவை அல்ல. வேண்டாம் என்றால் வேறு வரைந்துகொள்ளலாம்.

ஈமேக்ஸ் வயதான எடிட்டர். அமெரிக்காவின் எம்ஐடியில் 1976ல் பிறந்தது. இன்று புழக்கத்தில் உள்ள வடிவத்தை ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985ல் வெளியிட்டார். பயன்படுத்துபவர் தன் இஷ்டத்துக்கு எதையும் மாற்றிக்கொள்ளலாம் என்பது அதன் ஆதாரக் கொள்கை. நெடுங்காலம் அதற்கு ஓரமே இல்லை. வரி மடிந்தால் விளிம்பில் ஒரு சாய்கோடு, நீண்டு ஒளிந்தால் ஒரு டாலர் குறி, அவ்வளவுதான். படங்கள் இல்லாத டெர்மினல் திரையில் இன்றும் அப்படித்தான். 2001ல் வெளியான 21ஆம் பதிப்பு இரு பக்கமும் ஓரப் பட்டையையும் அதில் குட்டிப் படங்களையும் கொண்டுவந்தது. அந்தப் படங்களைப் பயன்படுத்துபவரே வரையலாம் என்ற வசதி 2007ல், 22ஆம் பதிப்பில் வந்தது.

வரைவது என்றால் பிரஷ்ஷோ மவுஸோ வேண்டியதில்லை. கோலம் போடத் தெரிந்த எந்தப் பெண்ணுக்கும் விளங்கும் சங்கதி. எட்டுப் புள்ளி, எட்டு வரிசை. கோலத்தில் புள்ளியைச் சுற்றி இழை ஓடும். இங்கே இழை கிடையாது. எந்தப் புள்ளி எரிய வேண்டும், எது அணைந்திருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் எண். இடமிருந்து வலமாகப் புள்ளிகளின் மதிப்பு 128, 64, 32, 16, 8, 4, 2, 1. எரிய வேண்டிய புள்ளிகளின் மதிப்பைக் கூட்டினால் அந்த வரிசையின் எண் கிடைத்துவிடும். நடுவில் இரண்டு புள்ளி மட்டும் எரிந்தால் 16ம் 8ம் சேர்ந்து 24. எட்டும் எரிந்தால் 255. ஒன்றும் எரியாவிட்டால் பூஜ்யம்.

அந்த மாலையில் அவர் கட்டம் போட்ட தாளில் பென்சிலால் புள்ளி வைத்தார். 24, 24, 24, 255, 255, 24, 24, 24. இது கூட்டல் குறி, சேர்த்த வரிகளுக்கு. 0, 0, 0, 255, 255, 0, 0, 0. இது கழித்தல் குறி, நீக்கிய இடத்துக்கு. 192, 240, 252, 255, 255, 252, 240, 192. இது வலது பக்கம் பார்க்கும் முக்கோணம், மாற்றிய வரிகளுக்கு. மூன்று வரி எண்கள். எடிட்டரின் அமைப்புக் கோப்பில் அவற்றை எழுதி, ஓரத்தில் மாற்றங்களைக் காட்டும் துணை நிரலிடம் உன் கோடுகளுக்குப் பதில் இவற்றைப் போடு என்று சொன்னால் போதும். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் வேலை முடிந்தது.

நிறத்தை மாற்றியிருக்கலாமே என்று தோன்றலாம். பச்சைக்குப் பதில் நீலம், சிவப்புக்குப் பதில் ஆரஞ்சு. இந்தக் குறை உள்ளவர்களில் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். நீலத்தையும் ஆரஞ்சையும் அவர்களால் பிரிக்க முடியும். ஆனால் நீலம் என்றால் என்ன, ஆரஞ்சு என்றால் என்ன என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். புரொஜெக்டரில் சாயம் வெளுக்கும். கறுப்பு வெள்ளையில் அச்சடித்தால் அதுவும் போச்சு. கூட்டல் குறிக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து அது கூட்டல்தான்.

மறுநாள் காலை சக ஊழியர் ஒருவர் எழுதியதைத் திறந்தபோது, நானூறு வரிகளுக்கு நடுவில் ஒரே ஒரு கழித்தல் குறி நின்றது. தேடவில்லை, தெரிந்தது. மற்றவர்கள் ஓரக்கண்ணால் பார்க்கிறார்கள் என்பதன் அர்த்தம் அன்றுதான் புரிந்தது என்கிறார். இத்தனை வருடமும் தன் நிதானம் என்று பெயர் வாங்கியதில் பாதி வெறும் உழைப்பு வரி என்பதும் அன்றுதான் புரிந்தது. நியாயமாகச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முதலில் வந்தது கோபம். எட்டு எண்களில் முடிகிற காரியத்துக்குப் பதினாறு வருடமா?

கோபம் யார் மேல் என்று சொல்ல முடியாது. நிறத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் கெட்டவர்கள் அல்ல. அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது, போட்டார்கள். ஆனால் ஓரக் குறிகளின் நீண்ட வரலாற்றில் நிறம்தான் புதிதாக வந்த விருந்தாளி. கிறிஸ்து பிறப்பதற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பு, எகிப்தின் அலெக்சாண்ட்ரியா நூலகத்தில் அரிஸ்டார்க்கஸ் என்ற அறிஞர் ஹோமரின் காவியங்களைப் பரிசோதித்தார். இடைச்செருகல் என்று சந்தேகப்பட்ட வரிகளை அவர் அழிக்கவில்லை. ஓரத்தில் ஒரு கிடைக்கோடு போட்டார். கவனிக்க வேண்டிய வரிக்கு இன்னொரு குறி, வலப்பக்கம் பார்க்கும் அம்பு முனை மாதிரி. திரும்பத் திரும்ப வரும் வரிகளுக்கு நட்சத்திரம். பத்தாம் நூற்றாண்டில் பிரதி செய்யப்பட்டு இன்று வெனிஸில் இருக்கும் இலியட் சுவடியின் ஓரத்தில் அந்தக் குறிகளைப் பார்க்கலாம். மை எந்த நிறமானாலும் அவற்றின் பொருள் மாறாது.

கம்ப்யூட்டர்களும் முதலில் அந்த மரபில்தான் வந்தன. இரண்டு கோப்புகளின் வித்தியாசத்தைக் காட்டும் ‘டிஃப்’ என்ற புரோகிராம் 1970களில் யூனிக்ஸில் பிறந்தபோது, பழைய வரிக்கு முன்னால் ஓர் அம்பு முனை, புதிய வரிக்கு முன்னால் எதிர்ப்பக்கம் பார்க்கும் அம்பு முனை என்று காட்டியது. 1990ல் கூட்டல், கழித்தல் குறிகளைக் கொண்ட வடிவம் வந்தது. இன்றும் உலகம் முழுவதும் அதுதான் நடப்பு. ஒற்றை நிறத் திரைகள் அந்த ஒழுக்கத்தைக் கட்டாயமாக்கியிருந்தன. நல்ல வண்ணத் திரை எல்லா மேஜைக்கும் வந்த பிறகு, வடிவம் செய்த வேலையை நிறமே செய்யும் என்று பல இடங்களில் குறியை எடுத்துவிட்டுக் கோட்டை வைத்தார்கள். திரை அழகானது. சிலருக்கு வாய் மூடியது.

எல்லா எடிட்டர்களும் ஈமேக்ஸ் அளவுக்குத் தாராளம் அல்ல. விம் என்ற எடிட்டர் பிராம் மூலனார் என்ற டச்சுக்காரர் 1991ல் வெளியிட்டது. 2023ல் அவர் இறக்கும்வரை அதை வளர்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஓரத்தில் இரண்டு எழுத்து அகலத்துக்கு இடம். அதில் எந்த எழுத்தையும் வைத்துக்கொள்ளலாம். புள்ளி எண்ண வேண்டாம், தட்டச்சு செய்தால் போதும். ஆசைப்பட்டால் ஒரு வரிக்கு எதிரே பிள்ளையார் சுழியும் போடலாம், ‘உ’ ஓரெழுத்துதானே. மாற்றங்களைக் காட்டுவதற்காக விம்முக்கு எழுதப்பட்ட பிரபலமான துணை நிரல் ஒன்று ஆரம்ப அமைப்பிலேயே கூட்டல், கழித்தல் ஜாடையில்தான் குறிகளை வைக்கிறது. 2015ல் மைக்ரோசாஃப்ட் அறிமுகப்படுத்திய விஷுவல் ஸ்டூடியோ கோடில் ஓரக் கோடுகளின் நிறத்தை எளிதில் மாற்றலாம். வடிவத்தை மாற்ற அத்தனை சுதந்திரம் இல்லை. ஆனாலும் அதில் மாற்றிய வரிகளின் கோட்டைச் சாய்கோடு போட்ட பட்டையாகக் காட்டும் வசதி வந்துவிட்டது. சேர்த்ததும் மாற்றியதும் நிறம் தெரியாமலே பிரிந்துவிடும். சின்ன விஷயம். யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார்.

இந்தச் சிந்தனை கம்ப்யூட்டர்காரர்களுக்கு மட்டும் சொந்தமல்ல. நம் ஊர்க் கடைகளில் விற்கும் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் அதன் ஓரத்திலும் ஒரு குறி இருக்கும். சைவம் என்றால் சதுரத்துக்குள் பச்சை வட்டம். அசைவம் என்றால் பழுப்பு வட்டம். 2001லிருந்து இப்படித்தான். பச்சையையும் பழுப்பையும் பிரிக்க முடியாதவருக்கு இரண்டும் ஒரே வட்டம். சைவக் குடும்பத்தில் பிறந்த ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய சங்கடம் என்று விளக்க வேண்டியதில்லை. 2020ல் மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட லேபிள் விதிகளில் அசைவத்தின் குறி பழுப்பு முக்கோணமானது. வட்டம், முக்கோணம். பிரச்னை தீர்ந்தது. இவ்வளவு எளிய திருத்தத்துக்கு ஏறக்குறைய இருபது வருடம் பிடித்தது.

அதே 2020ல்தான் லேசான, நடுத்தர நிறக்குருடு உள்ளவர்களும் டிரைவிங் லைசென்ஸ் வாங்கலாம் என்று மத்திய அரசு விதியைத் திருத்தியது. 2022 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புச் சொன்னது. புனேயில் உள்ள திரைப்பட, தொலைக்காட்சிக் கல்லூரி, நிறக்குருடு காரணமாக ஒரு மாணவருக்கு ஃபிலிம் எடிட்டிங் படிப்பில் இடம் மறுத்திருந்தது. சினிமா என்பது பலர் கூடிச் செய்யும் கலை, ஒருவர் கண்ணில் குறை இருந்தால் இன்னொருவர் உதவலாம் என்ற கோர்ட், எல்லாப் படிப்புகளையும் அவர்களுக்குத் திறந்துவிடச் சொன்னது. எடிட்டர் என்ற சொல் அங்கே வேறு அர்த்தத்தில் வருகிறது. பிரச்னை ஒன்றேதான்: குறை கண்ணிலா, காட்டும் விதத்திலா?

புனேக்காரரின் கதை இதோடு சுபமாக முடிந்துவிடவில்லை. சொந்தக் குறி வரையலாம் என்று தெரிந்தவுடன் ஒருவருக்கு வரும் வியாதி அவருக்கும் வந்தது. பிழைக்கு ஒரு குறி, எச்சரிக்கைக்கு ஒரு குறி, பிறகு பார்க்க வேண்டிய வரிக்கு ஒன்று, யாரோ கேள்வி கேட்ட வரிக்கு ஒன்று என்று மூன்று வாரத்தில் ஓரம் திருவிழாத் தெரு ஆகிவிட்டது. பதினான்கு குறிகள். எல்லாம் கூவினால் எதுவும் கேட்காது. ஒவ்வொன்றாகக் கழித்து ஐந்தில் நிறுத்தினார். வேலை செய்வதைவிட வேலைக்கருவியை மெருகேற்றுவதில் சுகம் காண்பவர்கள் எல்லாத் தொழிலிலும் உண்டு. அந்த ஐந்து குறிகளை அதற்குப் பிறகு அவர் தொடவில்லை.

இன்னொரு குறை தீரவில்லை. அந்தக் குறிகள் அவருடைய மெஷினில் மட்டும்தான். மீட்டிங் அறையில் இன்னொருவர் திரையைக் காட்டினால் பழையபடி சாணி மெழுகிய தரை. மாமா கதையும் இதுதானே! தன் கைப்பட டேப் சுற்றிய வயரை அவர் அறிவார். இன்னொருவர் இழுத்த வயரைத் திறந்தால் டெஸ்டர்தான் துணை.

ஒரு நாள் அப்படியொரு மீட்டிங்கில் அவர் தன் திரையைக் காட்ட வேண்டிவந்தது. ஓரத்தில் கூட்டலும் கழித்தலும் முக்கோணமும் நின்றன. இது என்ன அலங்காரம் என்று ஒருவர் சிரித்தார். “இப்படி இருந்தால்தான் எனக்குத் தெரியும். பச்சையும் சிவப்பும் எனக்கு ஒன்று” என்றார். பதினாறு வருடம் தொண்டையில் நின்ற வாக்கியம். அறையில் அரை நிமிடம் அமைதி. பிறகு வேலை தொடர்ந்தது. யாரும் வேலையைப் பிடுங்கவில்லை. அடுத்த மதிப்பீட்டில் வேகம் பற்றிய வாக்கியமும் இல்லை. ஆனால் அது அந்த மீட்டிங்கினாலா, கழித்தல் குறியினாலா என்று அவரால் சொல்ல முடியாது.

அன்று மாலை, சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒரு பையன் அவர் மேஜைக்கு வந்தான். “சார், அந்தக் குறிகள் இருக்கிற ஃபைலைக் கொடுப்பீர்களா? பார்க்க நன்றாக இருக்கிறது” என்றான். இவர் ஏன் என்று கேட்கவில்லை. அனுப்பிவைத்தார்.

வெப் பக்கங்களில் நிறத்தை மட்டும் நம்பி எதையும் சொல்லாதீர்கள் என்று அதற்கான சர்வதேச அமைப்பு தன் வழிகாட்டி நெறிகளில் எழுதியது 1999ல். கேட்டவர்களும் உண்டு, கேட்காதவர்களும் உண்டு. கேட்காத இடங்களில் ஒவ்வொருவராகத் தங்கள் ஓரத்தைத் தாங்களே வரைந்துகொள்ள வேண்டியிருக்கிறது. வரைய முடிகிறது என்பது பெரிய விஷயம். தெருவில் எரியும் சிக்னலையோ ஆபீஸ் சுவரில் மாட்டிய விளக்கப்படத்தையோ ஒரு தனி மனிதர் தன் கண்ணுக்கு ஏற்ப மாற்றிவிட முடியாது. எட்டுப் புள்ளி அகலமுள்ள இந்தப் பட்டையை முடியும். ஆனால் அப்படி ஒரு வழி இருக்கிறது என்று தெரியவே சிலருக்குப் பல வருடம் ஆகிவிடுகிறது. தெரிந்த பிறகும் கேட்டு வாங்கக் கூச்சம் தடுக்கிறது.

அந்தப் பையனிடம் போன ஃபைலில் இருப்பது சில வரி எண்கள். அதைக் கேட்டு ஒருவர் இன்னொருவர் மேஜைக்குப் போகத் தேவையில்லாத நாள் வந்தால் இன்னும் நல்லது.